காந்தாரம் இல்லாத பெயர்

போன மாதம் எங்கள் கம்பெனியில் ஆட்களின் விவரங்களைப் புது மென்பொருளுக்கு மாற்றினார்கள். அவரவர் கைப்பேசியில் அவரவரே ஏற்ற வேண்டும். முதல் பெயருக்கு ஒரு கட்டம், கடைசிப் பெயருக்கு ஒரு கட்டம். இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். கடைசிப் பெயரைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. இனிஷியலை மட்டும் போட்டால் 'குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்' என்று திருப்பி அனுப்பும். அன்றைக்கு பி ஷிப்ட் டீ நேரத்தில் கேன்டீன் முழுக்க ஒரே பேச்சு: "அண்ணே, லாஸ்ட் நேம்ல நீங்க என்ன போட்டீங்க?"

பெரும்பாலானவர்கள் அப்பா பெயரைப் போட்டார்கள். மறுநாளிலிருந்து மெயிலில் எல்லோரும் அவரவர் அப்பாக்களாக மாறிவிட்டார்கள். ஊரில் மாடு மேய்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனுஷனிடம் ஒரகடத்தில் குவாலிட்டி ரிப்போர்ட் கேட்டு மெயில் வந்தது. சிரித்துக்கொண்டோம். எங்கள் லைனில் 23 வயதுப் பையன் ஒருவன் மட்டும் தன் சாதிப் பெயரைப் போட்டிருந்தான். அவன் அப்பா அதைப் போட்டதில்லை, தாத்தாவும் போட்டதில்லை. ஏன்டா என்று கேட்டேன். வம்புக்காகவோ திமிராகவோ அவன் பதில் சொல்லவில்லை. "இல்லண்ணா, அது இல்லாம பேரு முடியாம தொங்குற மாதிரி இருக்கு" என்றான்.

தொங்குற மாதிரி. இதே சொல்லை நான் வேறோர் இடத்தில் கேட்டுக் கேட்டுச் சலித்தவன். ஷிப்ட் இல்லாத சனி, ஞாயிறுகளில் கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று ஓர் ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கிறேன். ஆன்லைனில் கார்ட் சொல்லித்தரும் மாஸ்டர்கள் 'சஸ்' வகைக் கார்டுகளுக்கு வந்ததும் ஒரே பாட்டைப் பாடுவார்கள்: "இது முழுமையில்லாத கார்ட். அந்தரத்துல தொங்கிட்டு நிக்குது. இதை மேஜர்லயோ மைனர்லயோ கொண்டுபோய் முடிச்சாதான் காதுக்கு நிம்மதி."

என் லைன் பையனும் அந்த மாஸ்டர்களும் ஒரே பொய்யைத்தான் நம்புகிறார்கள் என்பது என் கட்சி. எது பெரிசு எது சிறிசு என்று சொல்லாதவரை ஒரு விஷயம் முழுமையாகாது என்பது அந்தப் பொய்.

*

கார்ட் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். கீபோர்டில் ஸ, க, ப மூன்றையும் சேர்த்து அமுக்கினால் அது ஒரு கார்ட். அடியில் ஸட்ஜமம், மேலே பஞ்சமம், நடுவில் காந்தாரம். இதில் ஸவும் பவும் எந்தப் பக்கமும் சாயாதவை. கார்டின் குணத்தை முடிவுசெய்வது நடுவில் இருக்கும் காந்தாரம்தான். அந்தர காந்தாரத்தை வைத்தால் மேஜர். அரை சுரம் கீழே இறக்கிச் சாதாரண காந்தாரமாக வைத்தால் மைனர். முதலாவது மலர்ச்சி என்றும் இரண்டாவது சோகம் என்றும் பாடப் புத்தகம் சொல்லும். மேஜர், மைனர் என்ற லத்தீன் சொற்களுக்கு நேரான பொருளே பெரியது, சிறியது என்பதுதான்.

சஸ் கார்டில் காந்தாரத்தை எடுத்துவிடுகிறோம். நடுவிரலை மேலே தள்ளி மத்தியமத்தில் வைத்தால் ஸ-ம-ப. அது சஸ்-4. கீழே இறக்கி ரிஷபத்தில் வைத்தால் ஸ-ரி-ப. அது சஸ்-2. வைத்த உடனே காதுக்கு ஒரு திறப்பு கிடைக்கும். இது சந்தோஷமா துக்கமா என்று கார்ட் சொல்லாது. மேலே பாடுகிறவர் எந்தப் பக்கம் போனாலும் அது தடுக்காது.

இதைத் தொங்கல் என்று சொன்னதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஐரோப்பியத் தேவாலய இசையில், 16ஆம் நூற்றாண்டு வாக்கில், அடிக்குரலோடு ஒட்டாத ஒரு சுரத்தை இழுத்துப் பிடிப்பதற்குச் சட்டம் வைத்திருந்தார்கள். முந்தின கார்டிலேயே அந்தச் சுரம் ஒட்டி இருந்திருக்க வேண்டும். அதைத் தாங்கிப் பிடித்து நிறுத்தலாம். பிறகு ஒரு படி இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். முன்னேற்பாடு, நிறுத்தம், தீர்வு. அந்த ஊர், அந்தக் காலம், அந்தச் சபை போட்ட சட்டம் அது. அவர்கள் வாரிசுகளே அதை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார்கள். 1965இல் ஹெர்பி ஹான்காக் வாசித்த 'மெய்டன் வாயேஜ்' முழுக்க முழுக்க சஸ் கார்டுகளின் மேல் மிதக்கிறது. அந்தக் கப்பல் கரை ஒதுங்குவதே இல்லை. கேட்பவர் யாரும் மூச்சு முட்டிச் சாகவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம்மிடமே மத்யமாவதி இருக்கிறது. ஸ ரி ம ப நி. காந்தாரம் கிடையாது, தைவதமும் கிடையாது. ஸவை அடியாக வைத்து அந்த ராகத்துக்குள்ளேயே கார்ட் தேடினால் ஸ-ரி-ப கிடைக்கும், ஸ-ம-ப கிடைக்கும். மேஜரும் கிடைக்காது, மைனரும் கிடைக்காது. மாஸ்டர்களின் கணக்குப்படி இது தொங்கிக்கொண்டே இருக்க வேண்டிய ராகம். நம் ஆட்கள் இதை எங்கே வைத்தார்கள் தெரியுமா? கச்சேரியின் முடிவில். அதுவரை பாடியதில் ஏதாவது பிழை நேர்ந்திருந்தால் மத்யமாவதி அதைச் சரிசெய்துவிடும் என்பது வித்வான்களின் நம்பிக்கை. சியாமா சாஸ்திரி காமாட்சியை 'பாலிஞ்சு' என்று கெஞ்சியது இந்த ராகத்தில்தான்.

கச்சேரி கேட்காதவர்களுக்கும் ஒரு சாட்சி வைத்திருக்கிறேன். கார்த்திகை பிறந்தால் ஒரகடத்தில் பாதி ஷிப்ட் பஸ்களில் மாலை போட்ட ஆட்கள் இருப்பார்கள். டிரைவர் சீட்டுக்கு மேலே 'ஹரிவராசனம்' ஓடும். தேவராஜன் இசையில் 1975இல் வந்த 'சுவாமி ஐயப்பன்' படத்துக்காக யேசுதாஸ் பாடியது. அதுவும் மத்யமாவதி. சபரிமலையில் ராத்திரி நடை சாத்தும்போது ஒலிப்பது அந்தப் பாட்டுதான். ஒரு நாளையே மூடுகிற பாட்டு, ஒரு சாமியையே தூங்க வைக்கிற பாட்டு, அதில் காந்தாரம் இல்லை. இதைக் கேட்டு யாராவது "அய்யய்யோ, முடியாம தொங்குதே" என்று எழுந்து உட்கார்ந்திருக்கிறார்களா?

முடிவு என்பது எந்தச் சுரத்துக்குள்ளும் ஒட்டிக்கொண்டு இல்லை. காதைப் பழக்கிய விதத்தில் இருக்கிறது.

*

இப்போது பெயருக்கு வருகிறேன்.

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் சாலையைப் பிடித்துப் போனால் ஒரு மணி நேரத்துக்குள் செங்கல்பட்டு. அங்கேதான் 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. தலைமை சௌந்தரபாண்டியனார். பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். பெரியார் அதற்கு முன்பே, 1927 முடிவில், 'குடி அரசு' இதழில் தன் பெயரோடு இருந்த நாயக்கரைக் கழற்றிவிட்டிருந்தார். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. முதலியார், பிள்ளை, ஐயர், நாயக்கர் என்பதெல்லாம் வெறும் ஒட்டு கிடையாது. எந்தத் திண்ணையில் உட்காரலாம், யாரை வாடா என்று கூப்பிடலாம் என்பதற்கான அனுமதிச் சீட்டு.

அதே சாலை சென்னைப் பக்கம் திரும்பினால் மறைமலை நகர். கார் தொழிற்சாலைக்காக அந்த ஊரைத் தெரிந்தவர்களே அதிகம். அந்தப் பெயர் ஒரு மனிதர் தனக்குத் தானே வைத்துக்கொண்டது. வேதாசலம் என்பது பெற்றோர் வைத்தது. வேதம் என்றால் மறை, அசலம் என்றால் மலை. 1916இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியதை ஒட்டி அவர் மறைமலை ஆனார். ஒருவர் பிறந்த பெயரை மொழிபெயர்த்தார், இன்னொருவர் பெயரின் வாலை வெட்டினார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பெயர் என்பது கிடைத்ததை அப்படியே சுமக்க வேண்டிய மூட்டை இல்லை, கை வைக்கலாம் என்ற எண்ணம் இந்த வட்டாரத்தில் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே புழங்கியிருக்கிறது.

அதற்கு முன்னால் என்ன பெயர்கள் இருந்தன? பட்டம் போட்டுக்கொண்டவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி. முதல் குழந்தைகள் தங்காத வீட்டில் அடுத்ததைக் குப்பையில் புரட்டி எடுத்து, எமனுக்கே வேண்டாத பொருள் என்று காட்ட வைத்த பெயர்கள் இவற்றில் உண்டு. வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில் வைத்த போதும்பொண்ணு உண்டு. இவை தவிர, நல்ல பெயர் வைத்தால் ஊர் பெரிய மனிதர்கள் அடிப்பார்கள் என்பதற்காக வைத்த பெயர்களும் உண்டு. சாதிப் பட்டம் எல்லோரிடமும் இருந்த பொதுச் சொத்து இல்லை. பாதிப் பேருக்கு அது மேஜர், மீதிப் பேருக்கு மைனர். சுயமரியாதைக்காரர்கள் எடுத்தது அந்தக் காந்தாரத்தை.

எடுத்த பிறகு மிஞ்சியதுதான் நம் இனிஷியல். ஓர் எழுத்து, ஒரு புள்ளி, ஒரு பெயர். அந்த எழுத்து அப்பாவாக இருக்கலாம், ஊராகவும் இருக்கலாம். கே.வி.மகாதேவனின் 'கே' நாகர்கோவில் பக்கத்துக் கிருஷ்ணன்கோவில். எம்.எஸ்.சுப்புலட்சுமியின் 'எம்' மதுரை, 'எஸ்' அவர் அம்மா சண்முகவடிவு. நம் காதை இந்த ஐம்பது வருஷமாக ஆளும் இரண்டு பேரைப் பாருங்கள். ஞானதேசிகன் ராஜய்யாவாகி, தன்ராஜ் மாஸ்டரிடம் ராஜாவாகி, 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது பஞ்சு அருணாசலம் முன்னால் ஒரு சொல்லைச் சேர்க்க இளையராஜா ஆனார். திலீப்குமார் என்ற பெயர் தனக்கு ஒட்டவே இல்லை என்று சொன்னவர் ஏ.ஆர்.ரஹ்மான் ஆனார். இரண்டு பெயரும் பிறப்பில் வந்தவை அல்ல, வாழ்க்கையில் வந்தவை. அவற்றின் பின்னால் சாதிவால் கிடையாது. எந்தப் பெயர் இதில் முடியாமல் தொங்குகிறது?

*

எதிர்க்கட்சிக்காரர்களின் வாதங்கள் எனக்குத் தெரியும். ஹாஸ்டல் மாடியில் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன்.

"பேர்ல என்னண்ணா இருக்கு?" என்பது முதலாவது. இதே தொழிற்பேட்டைக் கூட்டத்தில், சுங்குவார்சத்திரத்தில், 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். 37 நாள். சங்கத்தைப் பதிவு செய்வதுதான் மையக் கோரிக்கைகளில் ஒன்று. நிர்வாகம் எழுப்பிய மறுப்புகளில் முக்கியமானது, சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் வரக்கூடாது என்பது. அந்தப் பெயரோடுதான் 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. பெயரில் ஒன்றும் இல்லை என்றால் இவ்வளவு பெரிய கம்பெனி எதற்கு ஒரு சொல்லுக்காக மல்லுக்கட்ட வேண்டும்?

"உலகம் பூரா சர்நேம் இருக்கு, நமக்குத்தான் இல்ல" என்பது இரண்டாவது. முதலில், உலகம் பூரா இல்லை. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா அல்லது அம்மா பெயரோடு மகன், மகள் என்ற விகுதியைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பிரதமரையும் முதல் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். மியான்மாரிலும் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. இருக்கிற இடங்களிலும் பல ஊரில் அது ஆதிகாலச் சொத்து அல்ல. இங்கே ஒரகடத்தில் நம்மை '-சான்' போட்டுக் கூப்பிடும் ஜப்பானிய மேலாளர்களின் நாட்டில், சாதாரண ஜனங்கள் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்தே ஆக வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது 1875இல். துருக்கியில் அதற்கான சட்டம் வந்தது 1934இல். வரி வாங்கவும் ராணுவத்துக்கு ஆள் எடுக்கவும் பதிவேட்டுக்கு வசதியாகச் செய்த ஏற்பாடுகள் அவை. நம் ஊரில் அதே கட்டத்தை நிரப்பச் சொன்னால் கையில் முதலில் தட்டுப்படுவது சாதி. அதுதான் வித்தியாசம். ஒற்றைப் பெயர்க்காரர் அமெரிக்க விசா வாங்கினால் முதல் பெயர் தெரியாதவர் என்ற பொருளில் 'எஃப்என்யூ' என்று அச்சடித்துத் தருகிறார்கள். குறை அவர்கள் படிவத்தில் இருக்கிறது. அதைத் திருத்துவதை விட்டுவிட்டு நம் பெயரைக் கோணலாக்கிக்கொள்ள வேண்டுமா?

"பெருமைக்குத்தானே போடுறோம், யாரையும் திட்டலையே" என்பது மூன்றாவது. மேஜர் என்று ஒன்றைச் சொன்ன நிமிஷமே மைனர் பிறந்துவிடுகிறது. உன் பெருமைக்குக் கீழே யாரோ ஒருவர் இல்லாமல் அது பெருமையாக நிற்காது. எங்கள் லைனில் பீகார்ப் பையன்கள் நிறையப் பேர் 'குமார்' என்று முடிகிறார்கள். சாதியைச் சொல்லாமல் இருக்க அந்த மண்ணில் கண்டுபிடித்த வழிகளில் அதுவும் ஒன்று. ஆயிரத்தைந்நூறு மைல் தாண்டி வந்த ஒருவன் அதை மறைக்க ஒரு சொல்லைத் தேடி வைத்திருக்கிறான். இங்கேயே பிறந்தவன் தாத்தா எறிந்ததைப் பொறுக்கி எடுத்து இன்ஸ்டாகிராமில் மாட்டுகிறான்.

*

நான்காவது வாதம் ஒன்று இருக்கிறது. அதற்கு மட்டும் என்னிடம் சுலபமான பதில் இல்லை. "நீங்க எடுத்தா மட்டும் என்னண்ணா, தெரியாமயா போச்சு?"

தம்புராவை மீட்டினால் ப, ஸ, ஸ, ஸ. அவ்வளவுதான் தந்திகள். காந்தாரத்துக்குத் தந்தி இல்லை. ஆனால் நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் கண்ணை மூடிக் கேட்டால் காந்தாரம் கேட்கும். ஒரு தந்தி அதிரும்போது அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகளும் கூடவே எழுகின்றன. ஐந்தாவது மடங்கு அந்தர காந்தாரத்தில் போய் விழுகிறது. யாரும் மீட்டாமல் தானே எழுவதால் அதற்குச் சுயம்பு காந்தாரம் என்று பெயர்.

நம் பெயர்களும் அப்படித்தான். நான் வல்லக்கோட்டைப் பக்கம் வாடகைக்கு வீடு தேடிய கதை இது. வீட்டுக்கார அம்மா தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துத்தான் கேட்டார். "பேரு என்ன தம்பி?" சொன்னேன். பெயரில் ஒன்றும் தெரியவில்லை. "அப்பா பேரு?" அதிலும் தெரியவில்லை. "எந்த ஊரு?" சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" அங்கே கொஞ்சம் நிறுத்தினேன். "குலதெய்வம் எதுப்பா?" ஒவ்வொரு கேள்வியும் காந்தாரத்தைத் தேடி நகரும் ஒரு விரல். வீடு கிடைத்ததா இல்லையா என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் என் சாதியை நீங்கள் கணக்குப் போட்டுவிடுவீர்கள். இந்தக் கட்டுரையின் முதல் பத்தியிலிருந்தே சிலர் கணக்குப் போட்டுக்கொண்டுதான் வருகிறீர்கள், எனக்குத் தெரியும். அந்தத் தேடலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஆக, 1929இல் எடுத்தது பாதி வேலை. பெயரிலிருந்து எடுத்தார்கள், காதிலிருந்து எடுக்க முடியவில்லை. பெரியாரையே கடைசிவரை நாயக்கர் என்று அழைத்தவர்கள் இருந்தார்கள். இங்கே என் உவமை உடைகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தம்புராவின் காந்தாரம் இயற்கையில் இருப்பது, தந்தி இருக்கும்வரை எழும். நம் பெயரில் கேட்கும் காந்தாரம் கேட்பவர் காதில் இருப்பது, காது மாறினால் அடங்கும். மாறாது என்பவர்களுக்கு ஒரே கேள்வி: கேட்கத்தான் போகிறார்கள் என்பதற்காக நாமே வாய்விட்டுப் பாட வேண்டுமா? பின்னால் தம்புரா அந்தக் காந்தாரத்தை முனகிக்கொண்டே இருக்க, மத்யமாவதி பாடுகிறவர் ஒரு தடவைகூட அதைத் தொடாமல் அரைமணி நேரம் பாடுகிறார். அது தெரியாமை இல்லை, ஒழுக்கம். சாதி இல்லாத பெயர் என்பது சாதி ஒழிந்த சமூகத்தின் அடையாளம் என்று நான் நினைக்கவில்லை. அதைத் தொடமாட்டேன் என்று எடுத்துக்கொண்ட விரதம். வீட்டுக்கார அம்மாவுக்கு நாலு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. என் பெயர் அவருக்கு முதல் கேள்வியிலேயே பதில் சொல்லியிருந்தால் அவர் வேலை சுலபமாகியிருக்கும். நான் ஏன் சுலபமாக்க வேண்டும்?

இனிஷியலைக் கோயில் கட்டிக் கும்பிடவும் நான் தயாராக இல்லை. அந்த ஓர் எழுத்தில் பெரும்பாலும் அப்பாதான் உட்கார்ந்திருக்கிறார். பல பெண்களுக்குக் கல்யாணம் ஆனதும் அந்த எழுத்து புருஷன் எழுத்தாக மாறிவிடுகிறது. என் அக்காவின் பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்து, ரேஷன் அட்டையில் வேறு எழுத்து. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நோட்டரியிடம் நின்றிருக்கிறாள். சாதியை எடுத்த கை, ஆணை அப்படியே விட்டுவிட்டது. அதையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பாதிப் பொய்.

*

பையனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவன் சாதி வெறியன் இல்லை. வேறு காலனியிலிருந்து வருகிறவனோடு ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவன்தான். ஒரு சிவப்பு நட்சத்திரம் அவனிடம் "நீ முழுசா இல்லை" என்றது. பக்கத்தில் கிடந்ததை எடுத்து நிரப்பிவிட்டான். மேஜரிலோ மைனரிலோ முடித்தால்தான் நிம்மதி என்று பழக்கிவிட்ட காது அப்படித்தான் செய்யும். ஆனால் இப்படி ஒவ்வொருவராக நிரப்பிக்கொண்டே போனால் செங்கல்பட்டில் காலி செய்த கட்டத்தை ஒரகடத்தில் நாமே நிரப்பி முடித்துவிடுவோம். அதுவும் யாரும் மிரட்டாமல், கைப்பேசியில், டீ இடைவேளையில்.

மனிதவளப் பிரிவுக்குப் போய்க் கடைசிப் பெயரைக் கட்டாயமில்லாமல் ஆக்கச் சொன்னேன். "சாஃப்ட்வேர் வெளியூர்ல செஞ்சது சார், நாம கை வைக்க முடியாது" என்றார் அந்தப் பெண். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் 'குமார்'.

குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று அந்தக் கட்டம் கேட்டதல்லவா? அப்பாவின் எழுத்தையும் அம்மாவின் எழுத்தையும் சேர்த்து அடித்தேன். ஏற்றுக்கொண்டது. பையனுக்கு அதைக் காட்டினேன். "இதுவும் ஒரு மாதிரி தொங்குதுண்ணா" என்றான். தொங்கட்டும்டா, ராத்திரி ஷிப்ட் பஸ்ஸில் ஹரிவராசனம் போடும்போது கவனித்துக் கேள் என்றேன். ஒண்ணாம் தேதி திருத்தத்துக்காக மறுபடி திறப்பார்களாம்.